திடீர்க் கோபம், அடக்க முடியாத அழுகை: தலைக்காயத்துக்குப் பிறகு வீட்டில்

ஆஸ்பத்திரியில் இருந்தவரை வீட்டாருக்கு ஒரே கேள்விதான்: பிழைத்துக்கொள்வாரா? பிழைத்துக்கொண்டார். தையல் பிரித்தாயிற்று. நடக்கிறார், பேசுகிறார், தன் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதுவரை நினைவு இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ‘பழையபடி ஆயிட்டாரே’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த நேரத்தில்தான் அடுப்படியில் மனைவியோ அம்மாவோ குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்று சொல்வார்கள். “அடிபட்டதுல இருந்து ஆளே மாறிட்டாருங்க. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறாரு. நேத்து சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிஞ்சிட்டாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு, ஏன் எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு.”

இந்த அத்தியாயம் அந்தத் தட்டு பறந்த நொடியைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தைப் பற்றியது. ‘திடீரென்று வெடித்துவிட்டார்’ என்று வீட்டார் சொல்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் அது திடீரென்று வந்ததாக இருக்காது. வருவதற்கான ஏற்பாடுகள் நம் கண்முன்னே நடந்திருக்கும். நாம் கவனித்திருக்க மாட்டோம். அவருடைய மூளையை நம்மால் மாற்ற முடியாது. அந்த அரை மணி நேரத்தை மாற்ற முடியும்.

பைக் விபத்தில் அடிபட்டவர்களுக்கு மட்டும் வருவதல்ல இது. பக்கவாதம், மூளைக்கட்டி அறுவை சிகிச்சை, மூளைக்காய்ச்சல், மாரடைப்பின்போது சில நிமிடம் மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றது என்று எந்த வழியாக மூளை காயப்பட்டாலும் வரலாம். எல்லாருக்கும் வராது. வந்தால் அது திமிர் இல்லை. பேய் பிடித்ததும் இல்லை. காயத்தின் ஒரு பகுதி.

மண்டைக்குள் என்ன நடந்தது

மண்டையோட்டின் உட்பக்கம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இருப்பதில்லை. கண்குழிகளுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள எலும்புத் தளம் மேடும் வரப்புமாகக் கரடுமுரடானது. வேகமாகப் போன தலை தார் ரோட்டில் மோதிச் சட்டென்று நின்றாலும் உள்ளே மூளை நிற்பதில்லை; முன்னும் பின்னும் ஆடி அந்தத் தளத்தில் உராய்கிறது. பின்மண்டையில் அடிபட்டவருக்கும் முன்மூளையின் அடிப்பக்கம் கன்றிப்போவது இதனால்தான். “அடி பின்னாடிதானே பட்டுச்சு, குணம் எப்படி மாறும்?” என்று கேட்கும் மாமாக்களுக்கு இதைச் சொல்லலாம்.

கோபம் எல்லாருக்கும் சுருக்கென்றுதான் வரும். கூட்டமான பஸ்ஸில் யாரோ காலை மிதித்தால், யோசனை எட்டுவதற்கு முன்பே மூளையின் உள்ளே அமிக்டலா என்ற சின்னப் பகுதி ‘ஆபத்து’ என்று குரல் கொடுத்துவிடும். ‘விடு, தெரியாமல் மிதித்திருப்பான்’ என்று அதை அமர்த்துவது முன்மூளையின் வேலை. காயம் பட்டது அந்த அமர்த்தும் இடத்தில். வேகம் பழைய வேகம்தான், பிரேக் தேய்ந்துவிட்டது. பிரேக் தேய்ந்த வண்டியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? இறக்கத்தில் விடாமல் சமதளத்தில் ஓட்டுவதுதான் புத்தி. ‘கோபப்படாதீங்க’ என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட, கோபம் மூளும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோகாமல் இருப்பது பலன் தரும்.

சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். ரத்தக்கட்டும் எலும்பு முறிவும் அதில் தெரியும். மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்திருந்தால் பல நேரங்களில் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதால் மனிதர் நடிக்கிறார் என்று ஆகிவிடாது.

நரம்பியல் புத்தகங்களில் தவறாமல் வரும் பெயர் ஃபினியாஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டிருந்த 25 வயது மேஸ்திரி அவர். மூன்றரை அடி நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட இரும்புக் கடப்பாரை, வெடித்த வேகத்தில் இடது கன்னத்தில் ஏறி உச்சிமண்டை வழியாக வெளியே பறந்தது. பிழைத்தார். நிதானமும் பொறுப்பும் உள்ள மனிதர் பொறுமையற்றவராக, கெட்ட வார்த்தை பேசுகிறவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த ஜான் ஹார்லோ 1868-ல் எழுதினார். பெரும்பாலான புத்தகங்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகின்றன. அது நியாயமில்லை. அதே கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் பயணிகளின் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்திருக்கிறார். நாளுக்கு நாள் மாறாத அந்த வேலை ஒழுங்குதான் அவர் ஓரளவு தேறக் காரணமாக இருந்திருக்கும் என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வீட்டாருக்குத் தேவைப்படுவது கதையின் இந்தப் பிற்பாதி.

எல்லாம் கோபம் இல்லை

பொறுமை குறைந்து சள்ளென்று விழுவது ஒரு வகை. இதைத்தான் எல்லாரும் கோபம் என்கிறோம்.

இன்னொரு வகை, முடியாமையிலிருந்து வருவது. முதல் உலகப் போரில் தலையில் காயம்பட்ட சிப்பாய்களை ஜெர்மனியில் கவனித்த கர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற மருத்துவர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். முன்பு சுலபமாகச் செய்த ஒன்று இப்போது வரவில்லை என்று தெரியும் கணத்தில் மனிதர் நிலைகுலைந்துபோகிறார். கத்துகிறார், அழுகிறார், கையில் இருப்பதை எறிகிறார். மளிகைக் கடைக்காரர் தந்த சில்லறையை எண்ண முடியாதபோது, சட்டைப் பித்தான் காஜாவில் நுழையாதபோது, மகளின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராதபோது இது நடக்கும். பார்க்கிறவருக்குக் கோபம், உள்ளே நடப்பது பயமும் அவமானமும்.

நலம் விசாரிக்க வருகிறவர்கள் இதைத்தான் கிளறிவிடுகிறார்கள். “என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்க்கலாம்.” அன்பாகத்தான் கேட்கிறார்கள். அது பரீட்சை என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: உள்ளே போனதும் நீங்களே உங்கள் பெயரையும் உறவையும் சொல்லுங்கள், கேள்வி கேட்காதீர்கள்.

மூன்றாவது வகைதான் வீட்டாரை அதிகம் குழப்புவது. துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்பு பீறிட்டு வரும். நல்ல செய்தி சொன்னால் தேம்பித் தேம்பி அழுவார். “ஏங்க அழறீங்க?” என்றால், “தெரியலை, தானா வருது” என்பார். அவர் சொல்வது உண்மை. உள்ளே அவ்வளவு துக்கம் இல்லை. அழுகையையும் சிரிப்பையும் முகத்தில் கொண்டுவரும் மூளைப் பாதைகளில் கட்டுப்பாடு அறுந்திருக்கிறது. உணர்ச்சிக்கும் முகத்துக்கும் உள்ள கணக்கு பிசகிவிட்டது. பக்கவாதம் வந்தவர்களிடமும் இது சகஜம். இதை மனச்சோர்விலிருந்து பிரித்துப் பார்ப்பது எப்படி? மனச்சோர்வு நாள்கணக்கில், வாரக்கணக்கில் அழுத்தும். பசியும் தூக்கமும் கெடும், எதிலும் பிடிப்பு இருக்காது. இந்த அழுகை சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில் வந்தது தெரியாமல் போய்விடும். போனதும் மனிதர் பழையபடி பேசுவார். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம் என்பதால் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இந்த அழுகைக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினால் அது நீளும். சுற்றியிருப்பவர்கள் பேச்சைத் தொடர வேண்டும். அவர் உட்கார்ந்திருந்தால் எழுந்து நாலடி நடக்கட்டும், குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்குக் குடிக்கட்டும், மூச்சை மெதுவாக வெளியே விடட்டும். கல்யாணம், துக்கம் என்று வெளியே போகுமுன் அங்கே ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்: “அடிபட்டதால சில நேரம் தானா அழுகை வரும், கண்டுக்காதீங்க.” இந்த ஒரு வரியைச் சொல்லக் கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டவர்கள் உண்டு.

நாற்பது பக்க நோட்டு

பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு வீடாகச் சொல்கிறேன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். வயது நாற்பதுக்குள். ஹெல்மெட் இல்லாமல் பைக்கிலிருந்து விழுந்தவர். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. “காரணமே இல்லாம கத்தறாருங்க” என்பது மனைவியின் புகார். அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொல்லி, ஒவ்வொரு வெடிப்புக்கும் மூன்று விஷயம் எழுதச் சொன்னால் போதும்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன் பிறகு நாங்கள் என்ன செய்தோம். நாளும் நேரமும் கட்டாயம். வியாக்கியானம் வேண்டாம். ‘வேண்டுமென்றே கத்தினார்’ என்று எழுதக் கூடாது, அது தீர்ப்பு. ‘டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்தார்’ என்பது நடந்தது.

அந்த நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: ‘செவ்வாய், மாலை 6.50. டிவியில் சீரியல். குக்கர் விசில். சின்னவன் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தான். தோசையா, சப்பாத்தியா, தோசைக்குச் சட்னியா, பொடியா என்று கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். டம்ளரை எறிந்தார். அத்தை வந்து, ஏன் கண்ணு இப்படிப் பண்றே என்று அழுதார். இன்னும் கத்தினார்.’

இரண்டு வாரம் எழுதிய பிறகு பக்கங்களைச் சேர்த்து வாசித்தால் ‘காரணமே இல்லாமல்’ என்ற பேச்சு அடங்கிவிடும். பெரும்பாலான சண்டைகள் மாலை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே இருக்கும். பிசியோதெரபிக்குப் போய்வந்த நாட்கள், மதியம் படுக்காத நாட்கள், ஆள் வந்துபோன நாட்கள் தனியாகத் தெரியும். நாலு சத்தம் ஒன்றாகக் கேட்கும்போது, ஒரே மூச்சில் பல கேள்விகள் வரும்போது, பின்னாலிருந்து யாராவது தோளைத் தொடும்போது தீ பிடிக்கும். காயம்பட்ட மூளை சீக்கிரம் களைத்துப்போகிறது. வேண்டாத சத்தத்தை ஒதுக்கி வேண்டியதை மட்டும் கேட்கும் திறன் அதற்குக் குறைந்துவிட்டது. நமக்குப் பின்னணிச் சத்தமாக இருக்கும் குக்கர் விசில் அவருக்கு நேரே முகத்தில் அடிக்கிறது.

பிறகு செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. மதியம் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுக்கை, தூங்காவிட்டாலும் படுக்கை. சீரியல் பார்க்கிற அம்மாவுக்கு ஒரு இயர்போன். பிள்ளைகள் படிப்பது முன்னறையில் அல்லாமல் மாடியிலோ பக்கத்து வீட்டிலோ. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கே, பிள்ளைகளுக்கு முன்பாகவே. கேள்வி கேட்டால் ஒன்று மட்டும், அதுவும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி: “தோசை வார்க்கட்டுங்களா, சாதமே போதுங்களா?” பதில் வர மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பது. உடனே திரும்பக் கேட்பதுதான் பல வீடுகளில் டம்ளர் பறக்கக் காரணம்.

உடம்பையும் மறக்காதீர்கள். தலைவலி, பல்வலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, தூக்கம் கெட்ட இரவு, வெறும் வயிறு எல்லாமே பிரேக்கை இன்னும் தேய்க்கும். பேச்சு சரியாக வராதவர் ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாமல் கத்துவார். நாலைந்து நாளாகக் கோபம் கூடுகிறது என்றால் முதலில் உடம்பைச் சோதியுங்கள்.

நோட்டில் அடிக்கடி வரும் இன்னொரு பொருள் வண்டிச் சாவி. “நீங்க ஓட்டக் கூடாது” என்று மனைவி சொன்னால் அது அவமானம். அதுவும் வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டவருக்கு. வண்டியை மச்சான் வீட்டில் விட்டுவிடுவது நல்லது. கண்ணில் படாதது பாதி மறந்துபோகும். கேட்டால், ‘டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அடுத்த நாளே எடுக்கலாம்’ என்று சொல்லுங்கள். மறுப்பு டாக்டருடையதாக இருக்கட்டும். கூடவே உண்மையான பொறுப்பு ஏதாவது அவர் கையில் இருக்க வேண்டும். பால் கணக்கு, மோட்டார் போடுவது, செடிக்குத் தண்ணீர் என்று எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ‘சும்மா உட்காருங்க’ என்றால் யாருக்கும்தான் கோபம் வரும், மூளையில் காயம் இருக்க வேண்டியதில்லை.

வெளியாள் வந்தால் ஒழுங்காகப் பேசுகிறார், டாக்டர் முன்னால் சாதுவாக இருக்கிறார், எங்களிடம் மட்டும்தான் காட்டுகிறார் என்று ஒரு சந்தேகம் எல்லா வீட்டிலும் எழும். வெளியாள் முன்னால் அவர் இருக்கிற சக்தியையெல்லாம் திரட்டித் தன்னைப் பிடித்துவைத்துக்கொள்கிறார். பத்து நிமிடம் அது முடியும். பிறகு வீட்டில் அவிழ்ந்துபோகிறது. நாம் ஆபீசில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீட்டில் வந்து சிடுசிடுப்பதும் இதே கணக்குதான், அளவுதான் வேறு.

வெடிக்கும் நேரத்தில்

ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னறிகுறி உண்டு. நெற்றியைத் தேய்ப்பது, துண்டை முறுக்குவது, ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது. மனைவிக்கு அது தெரியும். கேட்டால் யோசித்துச் சொல்வார். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். அவர் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு காலைப்பொழுதில் அவரையே கேட்டு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம்: தலை சூடேறினால் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார், யாரும் பின்னாலேயே போகக் கூடாது. நடை தள்ளாடுகிறவருக்கு மொட்டை மாடி வேண்டாம்.

பேச்சை நிறுத்தியும் மீறிவிட்டால் ஒருவர் மட்டும் பேசட்டும். குரல் தாழ்ந்து, சின்ன வாக்கியமாக: “சரிங்க. விடுங்க. தண்ணி கொண்டு வர்றேன்.” நியாயம் பேசும் நேரம் அதுவல்ல. அவர் சொல்வது தப்பு என்று நிரூபித்து நமக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. எதிரே நேருக்கு நேர் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். வாசலை மறிக்காதீர்கள், அவருக்கும் வழி இருக்கட்டும், உங்களுக்கும் இருக்கட்டும். பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். டிவியை அணையுங்கள். அரிவாள்மனை, கத்தி, சுத்தியல் போன்றவை அன்றாடமே கண்ணில் படாத இடத்தில் இருப்பது நல்லது. பிடித்து அமுக்கக் கூடாது. பிடிக்கப் பிடிக்கத் திமிறுவார். ஐந்து பத்து நிமிடத்தில் தானே இறங்கிவிடும்.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்துவரும் நாட்களில் டியூபைப் பிடுங்குவது, நர்ஸை அடிப்பது எல்லாம் வேறு கட்டம். அப்போது அவருக்கு எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. அதை வைத்து ஆயுள் முழுக்க இப்படித்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அது கடந்துபோகும்.

அடங்கிய பிறகு

நடந்தது அவருக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். நினைவிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டிருப்பார். இரண்டு நிலையிலும் விசாரணை உதவாது. உறவுக்காரர்களைக் கூட்டிவைத்து ‘மன்னிப்புக் கேள்’ என்பது அடுத்த வெடிப்புக்குத் திரி போடுவது. இரவு அவர் அமைதியாக இருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம் போதும்: “டம்ளரை எறிஞ்சது எங்களுக்குப் பயமா இருந்துச்சுங்க. அடுத்த தடவை திண்ணைக்குப் போயிடுங்க.” அவ்வளவுதான். அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். கத்தியதும் கேட்டதைக் கொடுத்து அமர்த்தாதீர்கள். கத்தினால் சிகரெட் கிடைக்கும், சாவி கிடைக்கும் என்பதைக் காயம்பட்ட மூளையும் கற்றுக்கொள்ளும். கொடுக்கக் கூடியதைக் கத்துவதற்கு முன்பே கொடுங்கள். கொடுக்கக் கூடாததைக் கத்திய பிறகும் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லலாம். “அப்பாவுக்குத் தலைக்குள்ள அடிபட்டிருக்கு. அதனால கோபம் சீக்கிரம் வருது. உன் மேல தப்பு இல்லை. அப்பா கத்தினா நீ பக்கத்து வீட்டு அத்தைகிட்டப் போயிடு.” ‘உன் மேல தப்பு இல்லை’ என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு சத்தமாகச் சொன்னதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதை வெளியே சொல்வதில்லை.

மாத்திரைகள்

தலைக்காயத்துக்குப் பிறகு வலிப்பு வராமலிருக்க லெவிடிராசிட்டம் என்ற மாத்திரை அதிகம் தரப்படுகிறது. நல்ல மருந்து. ஆனால் எரிச்சலையும் கோபத்தையும் கிளப்புவது அதன் தெரிந்த பக்கவிளைவு. மாத்திரை ஆரம்பித்த பிறகு அல்லது அளவு கூட்டிய பிறகு கோபம் அதிகமானதா என்று நோட்டைப் பார்த்துச் சொன்னால் டாக்டர் வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

கோபத்துக்கென்று தரும் மருந்துகளில் ப்ரோப்ரனலால் ஒன்று. ரத்த அழுத்தத்துக்கும் தருவதுதான். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வலிப்பு மருந்துகளில் சில மனநிலையைச் சமன்படுத்தவும் உதவும். காரணமில்லாத அழுகை, சிரிப்புக்கு மனச்சோர்வு மருந்துகள் குறைந்த அளவிலேயே பல பேருக்கு வேலை செய்கின்றன. யாருக்கு எது என்பது டாக்டரின் முடிவு. அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பதுதான் ஆபத்து. அந்த வகை மருந்துகளில் சில, இருக்கிற கொஞ்சநஞ்சக் கட்டுப்பாட்டையும் தளர்த்திவிடும், நடையும் தள்ளாடும். மதுவும் அப்படித்தான். ‘ஒரே ஒரு கட்டிங்’ என்று கூட்டிப்போகும் நண்பர்களிடம் வீட்டார் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும்: தலைக்காயத்துக்குப் பிறகு குறைந்த மதுவே அதிகமாக ஏறும், வலிப்பையும் கொண்டுவரும்.

மருந்து மட்டுமே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் பிரிவோடு மனநலப் பிரிவும் இருக்கிறது. சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. டாக்டர் அறையில் அவர் சாதுவாகத்தான் இருப்பார் என்பதால் நோட்டை எடுத்துப் போங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நன்றாக இருந்தவருக்குச் சில வாரங்கள் கழித்துக் குணம் மாறி, கூடவே தலைவலி, வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், ஒரு பக்கம் கை கால் பலவீனம் வந்தால் அது வெறும் கோபம் இல்லை. மூளைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம். வயதானவர்கள், மது அருந்துகிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் பதிலில்லாமல், அல்லது வலிப்பு வந்து அடங்கியதும் குழப்பத்தில் அடிப்பது வலிப்பின் பகுதியாக இருக்கலாம். சாக வேண்டும் என்று பேசினாலும் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

குணசீலம் கோயிலுக்கும் தர்காவுக்கும் கூட்டிப்போகிறவர்களை நான் தடுக்க மாட்டேன், கும்பிட்டுவிட்டு வாருங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். கட்டிவைப்பதோ எங்கும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

கூட இருப்பவர்கள்

காயத்தால் வந்த கோபம் என்பதால் வாங்கிய அடி அடியில்லை என்று ஆகிவிடாது. ‘அவருக்கு உடம்பு சரியில்லை, பொறுத்துக்கோ’ என்று மருமகளிடம் சொல்வது சுலபம். அவர் மீது பழி இல்லை. அதற்காக இவர் அடிபட வேண்டியதில்லை. கை ஓங்குவது ஆரம்பித்துவிட்டால் இரவு போய்த் தங்க ஒரு வீடு, கையில் கொஞ்சம் பணம், போனில் சார்ஜ், இவை தயாராக இருக்க வேண்டும். பெண்களுக்கான உதவி எண் 181. வாரத்தில் ஒரு அரை நாளாவது மாமியாரோ நாத்தனாரோ பொறுப்பை ஏற்றுக்கொள்ள, மனைவி வெளியே போய்வர வேண்டும். கோயிலோ, அம்மா வீடோ, வெறுமனே கடைத்தெருவோ, எங்கே என்பது அவர் விருப்பம்.

காயம்பட்டவரிடம் முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் இரண்டு வருடம், அதற்கு மேலும் மெல்ல மெல்லத் தொடரும். நடுவில், தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே புரியத் தொடங்கும் மாதங்களில் கோபம் கூடினாலும் கூடலாம், அப்போது பயந்துவிடாதீர்கள். அந்த நாட்களில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். காயம்பட்டவருக்காகத்தான் பேச வேண்டும் என்றில்லை, உங்களுக்காகவும் பேசலாம்.